ஸ்மூத்திக்குக் குழைவு தருவது எது: உறைந்த வாழையா, தேங்காய்ப்பாலா, தயிரா?

மாம்பழம், அன்னாசி, பப்பாளி மூன்றையும் நறுக்கிப் போட்டு, ஐஸ் கட்டி நாலு சேர்த்து மிக்ஸியை ஓட்டினால் கிடைப்பது ஜூஸ். டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் மேலே நாரும் நுரையும், அடியில் வெளுத்த தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். அதே பழங்கள் கரண்டியில் அள்ளினால் மெதுவாக வழிகிற பதத்தில், கடைசி வாய் வரைக்கும் பிரியாமல் இருந்தால்தான் அது ஸ்மூத்தி. பழத்தின் விலையோ மிக்ஸியின் வாட்டோ இதைத் தீர்மானிப்பதில்லை. குழைவுக்காகப் பழத்தோடு எதைச் சேர்க்கிறோம், அது அந்தப் பழத்துக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது.

கொங்குப் பக்கத்தில் இந்தத் தேர்வுக்குப் பஞ்சமில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைத் தேங்காயும் இளநீரும், கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் ஏலத்துக்கு வரும் வாழைத்தார்கள், ஊத்துக்குளிப் பக்கத்து எருமைப் பால், ஏற்காட்டிலிருந்து இறங்கும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இருப்பதாலேயே கைக்கு வந்ததை எடுத்து ஊற்றிவிடுகிறோம். அன்னாசிக்குப் பாலை ஊற்றிவிட்டு, ஏன் இப்படிக் கசக்கிறது என்று பழக்காரரைக் குறை சொல்கிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அன்னாசி, பப்பாளி என்றால் தேங்காய்ப்பால் அல்லது இளநீர் வழுக்கை. மாம்பழம், சப்போட்டா, சீத்தாப்பழம் என்றால் தயிர் அல்லது பால். எந்தப் பழமானாலும் உறைய வைத்த வாழைப்பழம் பாதி வேலையைச் செய்துவிடும். முந்திரியும் பட்டர் ஃப்ரூட்டும் அவசியம் வந்தால் மட்டும். இனி ஒவ்வொன்றுக்கும் காரணமும் அளவும்.

குழைவு எப்படி வருகிறது

மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது கொழுப்பு. தேங்காய்ப்பால், தயிர், முந்திரி தருவது இது. நாக்கில் படிந்து வழவழப்பாக நிற்கும். இரண்டாவது, பழத்திலேயே இருக்கும் பெக்டின் என்ற கூழ்ப்பொருளும் மெல்லிய சதையும். வாழை, மாம்பழம், சப்போட்டாவில் இது நிறைய. அன்னாசியில் மிகக் குறைவு, அதனால்தான் அன்னாசி மட்டும் அடித்தால் தண்ணீரும் நாரும் பிரிகிறது. மூன்றாவது, பொடிப் பொடியான பனித்துகள். உறைந்த பழத்தை அரைக்கும்போது அதற்குள் இருக்கும் நீர் மாவு போல உடைந்து கலவையைத் தூக்கி நிறுத்துகிறது.

ஐஸ் கட்டி இந்த மூன்றிலும் சேராது. மிக்ஸி பிளேடு அதைச் சில்லுகளாக உடைக்குமே தவிர மாவாக்காது. ஐந்து நிமிடத்தில் சில்லு உருகினால், ஒரு கட்டிக்கு ஒன்றரை மேஜைக்கரண்டித் தண்ணீரை நீங்களே ஊற்றியதாகக் கணக்கு. ஸ்மூத்திக்கு ஐஸ் வேண்டாம் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. குளிர்ச்சி உறைந்த பழத்திலிருந்தே வரட்டும்.

உறைந்த வாழை: எந்த வாழை என்பதுதான் கேள்வி

செலவு குறைவு, பிசகும் குறைவு. ஆனால் நம் பக்கத்தில் 'வாழைப்பழம்' என்றால் ஒரு பழமா? கோபி ஏலத்தில் கதலியும் நேந்திரனும் கிலோ கணக்கில் போகும். பூவன், தேன்வாழை, செவ்வாழை, ரஸ்தாளி, ரொபஸ்டா, பச்சைநாடன் எல்லாம் தார் கணக்கில் போகும். ஸ்மூத்திக்குள் போனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

ரொபஸ்டாதான் எங்கள் தேர்வு. வாசம் அடங்கியது, சதை மென்மை, மற்ற பழத்தின் ருசியை மறைக்காது. உரித்தால் ஒரு பழம் 100 முதல் 120 கிராம் வரும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வெயில் நாளில் ரொபஸ்டா தோல் முழு மஞ்சளாகாமலே உள்ளே பழுத்துவிடும், அதனால் தோல் நிறத்தை நம்பக் கூடாது. காம்புப் பக்கம் லேசாக அழுத்தினால் விரல் பதிய வேண்டும், உரிக்கும்போது தோல் எதிர்ப்பில்லாமல் வர வேண்டும். அரைப்பழமாக உறைய வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் நின்றுவிடும், ஸ்மூத்தியில் பச்சை மாவு ருசி வரும். நன்றாகப் பழுத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. சர்க்கரை கூடக்கூட பழம் கல்லாக உறையாது, மிக்ஸிக்குச் சுமை குறையும்.

செவ்வாழை நன்கு கனிந்திருந்தால் அருமையான குழைவு தரும், மாம்பழத்தோடு நிறமும் ஒத்துப்போகும். விலைதான் கூட. கதலியின் மணம் தூக்கலாக இருக்கும். தேங்காய்ப்பாலோடு அழகாகச் சேரும், பப்பாளியோடு சேர்த்தால் பப்பாளி காணாமல் போய்விடும். பூவனுக்கு லேசான புளிப்பு உண்டு, பாலில் போட்டால் சிறு சிறு திரிதல் தெரியலாம், தயிருக்குப் பரவாயில்லை. ரஸ்தாளியைத் தவிர்க்கச் சொல்வோம். சில பழங்களில் நடுச்சதை கட்டி தட்டிக் கல் போல நிற்கும்; அது உறைந்தால் பிளேடில் அரைபடாமல் துண்டு துண்டாக வாயில் வரும். நேந்திரனை வேக வைத்துச் சாப்பிடுங்கள். பச்சையாக அரைத்தால் கூழ் போல, தொண்டையில் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

உறைய வைக்கும் முறை இது. தோலை உரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, கால் கிலோ பழத்துக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு தெளித்துப் புரட்டி, எவர்சில்வர் வட்டலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் உறைந்துவிடும். அதன்பின் டப்பாவுக்கோ மூடும் பைக்கோ மாற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினால் மூன்று நாலு வாரம் தாங்கும். எலுமிச்சை சேர்ப்பது புளிப்புக்காக இல்லை. வெட்டிய வாழை காற்றுப் பட்டால் கறுப்பதை அது தடுக்கும். தோலோடு முழுசாக உறைய வைப்பவர்கள் மறுநாள் கத்தியோடு போராட வேண்டியிருக்கும். உறைந்த தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும்.

நீண்ட நேரம் கரண்ட் போய் வில்லைகள் இளகி மறுபடி உறைந்திருந்தால், மேலே வெள்ளைப் பனி படிந்து எல்லாம் ஒரே கட்டியாகக் கிடக்கும். அந்தக் கட்டியை ஸ்மூத்திக்கு எடுக்காதீர்கள். பனித்துகள் பெரிதாகிவிட்டதால் குழைவு வராது. இளக விட்டுப் பணியார மாவில் பிசைந்துவிடலாம்.

தேங்காய்ப்பால்: அன்னாசிக்கு இதுதான் துணை

சந்தகைக்கு, அதாவது கொங்குப் பக்கத்து இடியாப்பத்துக்குப் பிழிகிற அதே தேங்காய்ப்பால்தான். ஆனால் சந்தகைக்கு இரண்டாம் பால் கலந்து ஊற்றினாலும் ருசிக்கும், ஸ்மூத்திக்கு முதல் பால் மட்டுமே. நடுத்தரத் தேங்காயில் ஒரு மூடித் துருவல் ஏறத்தாழ 125 கிராம். அதோடு 100 மில்லி வெந்நீர் சேர்த்து ஒரு நிமிடம் அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் முறுக்கிப் பிழிந்தால் 120 மில்லி அளவுக்குக் கெட்டிப்பால் கிடைக்கும். இரண்டு டம்ளருக்கு அது சரியான அளவு. சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு எடுக்கும் இரண்டாம் பாலைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர் விரல் தாங்கும் சூட்டில் இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகும் இயல்புள்ளது. பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால், அதிலும் ஃப்ரிட்ஜில் இருந்த மூடி என்றால், கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். பிழிந்தது வெள்ளையாக இருக்கும், கெட்டியாக இருக்காது.

இதே கொழுப்புதான் தேங்காய்ப்பால் ஸ்மூத்தியின் முக்கியமான பிசகுக்கும் காரணம். குடிக்கும்போது வாயில் மெழுகு போலச் சிறு துணுக்குகள் தட்டுப்படும், மிக்ஸி மூடியின் உள்பக்கம் வெண்ணெய் ஒட்டியது போல வெள்ளைப் பிசுக்கு நிற்கும். பால் கெட்டுவிட்டது என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். கெடவில்லை. ஃப்ரிட்ஜில் இறுகிய தேங்காய்ப்பாலை அப்படியே உறைந்த பழத்தோடு போட்டு அதிக நேரம் ஓட்டியதால், மோரிலிருந்து வெண்ணெய் திரள்வது போல அந்தக் குளிரில் கொழுப்பு திரண்டுவிட்டது. தவிர்ப்பது எளிது. பாலை அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துக் குலுக்குங்கள். முதலில் தேங்காய்ப்பாலையும் பாதி வாழையையும் மட்டும் இருபது விநாடி ஓட்டுங்கள். வாழைச்சதை கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் உறைந்த பழத்தை இரண்டு தவணையாகச் சேர்த்து, மொத்தமாக ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள்.

அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் எப்படி? அவசரத்துக்கு நல்லதுதான், பிரியாமல் இருக்க அதில் நிலைநிறுத்தும் பொருள் சேர்த்திருப்பதால் மெழுகுத் துணுக்கும் குறைவு. பின்புறம் கொழுப்பு அளவைப் படியுங்கள். 100 மில்லிக்கு 15 கிராமுக்கு மேல் இருந்தால் வாங்கலாம். பத்துக்குக் கீழே என்றால் அது குழம்புக்கு ஆகும், இதற்கு ஆகாது. மணத்தில் மட்டும் புதிதாகப் பிழிந்ததன் பக்கத்தில் எதுவும் வராது.

பிழிந்த பால் வெளியே சில மணி நேரத்திலேயே புளிக்கும், ஃப்ரிட்ஜில் ஒரு நாள். மீந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். இளகும்போது தண்ணீரும் கொழுப்பும் பிரிந்து தெரியும், மிக்ஸியில் அடித்தால் மறுபடி கூடிவிடும்.

இளநீர் வழுக்கை

தேங்காய்ப்பால் கனமாகத் தோன்றுபவர்களுக்கும், சித்திரை வெயிலுக்கும் இதுதான் பொருத்தம். முற்றிய தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, வழுக்கையில் அதில் சிறு பகுதிதான். குழைவு கொழுப்பால் வருவதில்லை, வழவழப்பான சதையால் வருகிறது.

காய் வாங்கும்போது பதத்தைச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் மட்டும் உள்ள இளங்காயில் சதை கண்ணாடி போல இருக்கும், அடித்தால் கரைந்து தண்ணீராகும். வேண்டியது நடுப்பதம். கரண்டியை விட்டு நெம்பினால் சதை ஒரே தகடாகக் கழன்று வர வேண்டும், அந்தத் தகட்டை விரலில் மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும். பட்டென்று ஒடிந்தால் அது தேங்காய்ப் பதத்துக்குப் போய்விட்டது, எவ்வளவு அரைத்தாலும் நற நறவென்று நிற்கும். பழுப்புத் தோல் ஒட்டியிருந்தால் சீவி எடுங்கள். அதுவும் நற நறப்புத்தான்.

ஒரு காயில் 50 முதல் 100 கிராம் வரைதான் வழுக்கை கிடைக்கும், காய்க்குக் காய் மாறும். இரண்டு டம்ளருக்கு இரண்டு காய் என்று கணக்கு வையுங்கள். முதலில் வழுக்கையை மட்டும் மூன்று கரண்டி இளநீரோடு அரை நிமிடம் அடித்து வெண்ணெய்ப் பதமாக்கிவிட்டுத்தான் பழம் சேர்க்க வேண்டும். எல்லாம் ஒன்றாகப் போட்டால் வழுக்கை நழுவி நழுவிப் பிளேடுக்கு அகப்படாமல் துண்டாகவே மிதக்கும்.

தயிரும் பாலும்: எங்கே அழகு, எங்கே கசப்பு

மாம்பழத்துக்குத் தயிரைப் போல வேறு எதுவும் ஒட்டாது. முதல் நாள் இரவு உறை ஊற்றிய, புளிக்காத கெட்டித் தயிர் வேண்டும். எருமைப் பால் தயிர் என்றால் அப்படியே போடலாம். பாக்கெட் பாலில் உறைந்தது என்றால் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்துக்கொள்ளுங்கள். பால் சேர்ப்பதாக இருந்தால் கொழுப்பைப் பாருங்கள். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதம், நீலம் 3 சதவீதம். நீலப் பாக்கெட்டில் ஸ்மூத்தி நீர்த்துப் போகும், அப்போது இரண்டு தேக்கரண்டி பால் பவுடர் சேர்த்தால் ஈடுகட்டலாம். பாலைக் காய்ச்சி நன்றாகக் குளிர வைத்தபிறகே பயன்படுத்துங்கள்.

அன்னாசிக்கும் பப்பாளிக்கும் பால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு உறுதியான காரணம் உண்டு. அன்னாசியில் புரோமிலைன், பப்பாளியில் பப்பைன் என்று புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும்போது உண்டாகும் சில துணுக்குகள் கசப்பானவை. அடித்த உடனே குடித்தால் தெரியாது. கால் மணி நேரம் கழித்து மருந்து போலக் கசக்கும். தயிர் ஏற்கெனவே உறைந்தது என்பதால் பால் போலத் திரியாது, ஆனால் கசப்பு அதிலும் தப்பாது. பப்பாளியில் காய்ப்பதம் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவு பப்பைன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 ரகங்களில் காயைக் கீறிப் பால் வடித்துத் தொழிலுக்காக எடுப்பதும் இதே பப்பைனைத்தான். அதனால் பச்சைத் திட்டு இருக்கும் பப்பாளியைப் பாலோடு சேர்க்கவே கூடாது.

உறைய வைத்தால் நொதி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது, தூங்கும், இளகியதும் வேலையைத் தொடங்கிவிடும். சூடு ஒன்றுதான் அதை அடக்கும். அன்னாசியும் தயிரும்தான் வேண்டும் என்பவர்கள் அன்னாசித் துண்டுகளை இரண்டு கரண்டித் தண்ணீரோடு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆற வைத்து, பிறகு உறைய வையுங்கள். புது மணத்தில் கொஞ்சம் குறையும், கசப்பு வராது. டின்னில் வரும் அன்னாசியும் சூடு பட்டதுதான், அதனால் அதைப் பயமில்லாமல் சேர்க்கலாம். தேங்காய்ப்பாலில் புரதம் பாலைவிடக் குறைவு, நொதிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அன்னாசிக்குத் தேங்காயைத் துணை என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

முந்திரி, பட்டர் ஃப்ரூட், ஐஸ்கிரீம்

முந்திரி: 12 பருப்பு, ஏறத்தாழ 20 கிராம். வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, சட்னி ஜாரில் 40 மில்லித் தண்ணீரோடு தனியாக மை போல அரைத்துச் சேர்க்க வேண்டும். பழத்தோடு சேர்த்து அரைத்தால் மணல் மாதிரி நிற்கும். முழுப் பருப்பு தேவையில்லை, நொறுக்கு போதும். பாலும் தேங்காயும் ஆகாதவர்களுக்கு இது நல்ல வழி. வைக்க வைக்க இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே அடியுங்கள்.

பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் காலத்தில் பாதிப் பழம், 80 கிராம் அளவு, அபாரமான வழவழப்பைத் தரும். நிறம்தான் தொல்லை. மாம்பழ மஞ்சளும் அதன் பச்சையும் சேர்ந்து சேற்று நிறமாகிவிடும், பிள்ளைகள் டம்ளரைத் தொட மாட்டார்கள். வாழையோடும் வழுக்கையோடும் மட்டும் சேருங்கள். எலுமிச்சை கட்டாயம்.

ஐஸ்கிரீம் போட்டால் எதுவும் குழையும். ஆனால் அது பழத்தின் ருசியை வெனிலாவுக்குள் புதைத்துவிடுகிறது. மில்க் ஷேக் வேண்டும் என்றால் செய்யுங்கள்.

எந்தப் பழத்தை எடுப்பது

மாம்பழத்தில் நாரில்லாத வகையாகப் பாருங்கள். சேலம், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருவதில் இமாம்பசந்த், அல்போன்சா, பங்கனபள்ளி மூன்றும் வழவழப்பானவை. செந்தூரா இனிக்கும், வடிகட்ட வேண்டியிருக்கலாம். சீசன் முடிந்தபின் கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகளிலிருந்து வரும் டின் மாம்பழக் கூழ் நல்ல மாற்று. சர்க்கரை சேர்த்ததா சேர்க்காததா என்று பார்த்து வாங்கி, ஐஸ் தட்டில் உறைய வைத்துப் பயன்படுத்துங்கள்.

அன்னாசி நம் கடைகளுக்குக் கேரளத்து வாழக்குளத்திலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வருகிறது. அடிப்பக்கம் முகர்ந்தால் வாசம் வர வேண்டும். கண்களையும் நடுத்தண்டையும் தயங்காமல் நீக்குங்கள், நார் முழுக்க அங்கேதான். பப்பாளியின் விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சவ்வையும் சுரண்டி எடுத்துவிடுங்கள், அது கசக்கும்.

இனிப்புக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போடுவதானால் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் தங்கும் மண் துகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வாழையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்ததற்கு அதன் மணம் பிரமாதம். அன்னாசியின் மஞ்சள் நிறம் அப்படியே வேண்டுமானால் அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) அல்லது தேன். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பை முழுதாக விட்டுவிட்டு, வாழையைப் பாதியாக்கி, வழுக்கையைக் கூட்டிக்கொள்ளலாம், அப்போதும் அரை டம்ளருக்கு மேல் வேண்டாம்.

அளவுகள், இரண்டு சிறிய டம்ளருக்கு

அன்னாசி, தேங்காய்: உறைந்த அன்னாசி 150 கிராம், உறைந்த வாழை 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 120 மில்லி, இனிப்பு இரண்டு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், தேங்காயின் ருசியை மேலே கொண்டுவருவது அதுதான்.

மாம்பழம், தயிர்: உறைந்த மாம்பழம் 200 கிராம், கெட்டித் தயிர் 100 கிராம், குளிர்ந்த பால் 60 மில்லி, ஏலக்காய் ஒன்று. வாழை இதற்குத் தேவையில்லை, மாம்பழமே போதுமான குழைவு தரும். இனிப்பைப் பழத்தைச் சுவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பப்பாளி, வழுக்கை: உறைந்த பப்பாளி 200 கிராம், வழுக்கை 100 கிராம், இளநீர் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. எலுமிச்சை இல்லாத பப்பாளி சப்பென்று இருக்கும். உறைந்த வாழை 50 கிராம் சேர்த்தால் கரண்டியில் நிற்கும் பதம் வரும்.

மிக்ஸியில் போடும்போது

சாதாரண மிக்ஸி ஜாரில் பிளேடு அடியில் இருக்கிறது, அதனால் திரவம் முதலில், மென்மையான பழம் அடுத்து, உறைந்தது கடைசியில். கப்பைக் கவிழ்த்து மாட்டும் சின்ன பிளெண்டரில் வரிசை தலைகீழ். உறைந்ததை முதலில் போட்டுத் திரவத்தை மேலே ஊற்ற வேண்டும், கவிழ்த்ததும் திரவம்தான் பிளேடைத் தொடும். கையில் பிடித்து அடிக்கும் பிளெண்டருக்கு உறைந்த பழமே ஆகாது. வழுக்கை, தயிர், குளிர்ந்த பழம் என்றால் மட்டும் அதை எடுங்கள்.

உறைந்த துண்டுகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். துண்டு பெருநெல்லிக்காயை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தாலும் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பல்ஸில் நாலைந்து தட்டு, பிறகு ஒன்றாம் வேகத்தில் 15 விநாடி, கடைசியாக மூன்றில் 30 முதல் 40 விநாடி. மோட்டார் சத்தம் திடீரென்று மெலிந்து பிளேடு சும்மா சுற்றினால் அடியில் காற்றுக்குழி விழுந்திருக்கிறது. நிறுத்தி, ஜாரைத் தட்டி, கரண்டியால் கிளறி, இரண்டு கரண்டித் திரவம் மட்டும் விட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்த இடத்தில்தான் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் ஜூஸாக்கிவிடுகிறார்கள்.

500 வாட் மிக்ஸியாக இருந்தால் உறைந்த பழத்தைப் பாதியாகப் பிரித்து இரண்டு தடவை அடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று பதற வேண்டாம். சுவிட்சை அணைத்து, மிக்ஸியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சிறிய சிவப்புப் பொத்தான் ஒன்று வெளியே தள்ளி நிற்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் ஓடும். மறுபடி மறுபடி விழுந்தால் சுமை அதிகம், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது.

மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். நேற்றைய சட்னியின் பூண்டு அங்கேதான் இருக்கும். பழத்துக்கென்று ஒரு ஜாரும் வாஷரும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் வாஷரை எலுமிச்சைத் தோலால் தேய்த்து வெந்நீரில் கழுவுங்கள்.

பள்ளிக்கோ ஆபீசுக்கோ கொடுத்தனுப்புவதாக இருந்தால் அன்னாசித் தேங்காய்ப்பால் கலவையும் மாம்பழத் தயிர்க் கலவையும், குளிர வைத்த ஃப்ளாஸ்கில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடினால் இரண்டு மணி நேரம் நிற்கும். விளிம்பு வரை என்பது முக்கியம், காற்று இருந்தால் வாழை கறுக்கும். வழுக்கை சேர்ந்ததை அடித்த அரை மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பப்பாளியும் பாலும் சேர்ந்ததை எதிலும் அடைக்காதீர்கள்.